கோயில் மணிக் கயிறும் ஒரு பாராங் கத்தியும்



கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளிக்கிழமை பூஜை, அன்னதானம், உபயக்காரர் பெயர் எல்லாம் வழக்கம்போல தனியாகப் போடுகிறோம். இது வேற விஷயம். பொறுமையா படிங்க.

போன வாரம் கோயில் வாசலில் நம்ம தம்பி ஒருத்தருடைய மோட்டார் சைக்கிளை மழைக்கு ஓரமாகத் தள்ளி வைக்கப் போனோம். சீட்டுக்குக் கீழே சாக்கில் சுற்றி ஒரு பாராங் கத்தி இருந்தது. புதுசா தீட்டியது. சாக்கைத் தொட்டாலே கிழியும் கூர்மை. காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிற பிள்ளை இல்லை அவர், கத்தி வேலைக்குத் தேவைன்னு சொல்லவும் முடியாது. கேட்டோம். முகத்தைப் பார்க்காமல், "அடுத்த தடவை விடமாட்டேன் அங்கிள்" என்றார்.

அடுத்த தடவை என்றால் முதல் தடவை ஒன்று இருக்கணும் இல்லையா. நிறைய பேருக்குத் தெரியும், ஆனா முழுசா யாரும் சொன்னதில்லை. நாங்களும் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்.

சில வருஷத்துக்கு முந்தி ஒரு ஆடி வெள்ளி. அன்னதானம் முடிந்து ஜனங்க எல்லாம் போய்விட்டார்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது, பனி லயத்து விளக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. நம்ம ஊர் பனி தெரியுமே, பத்தடிக்கு அப்பால ஆள் நின்றாலும் தெரியாது. பாத்திரம் கழுவ, மண்டபம் கூட்ட நாலு பேர் இருந்தோம். மடப்பள்ளியில் அக்கா ஒருத்தர், அந்தத் தம்பி, இன்னும் ரெண்டு பேர். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. யாரோ உபயக்காரர் மறந்து வைத்த பாத்திரத்தை எடுக்க வந்திருக்கார்னு நினைத்தோம். அதுதான் எங்களுடைய முதல் தப்பு. மழை நின்ற பிறகும் ஹெல்மெட்டைக் கழட்டாமல் கோயிலுக்குள்ள வருகிற பக்தர் எங்கே இருக்கார்? செருப்பையும் கழட்டவில்லை. அந்த ரெண்டையும் கண்ணு பார்த்தது, மனசு பார்க்கவில்லை.

ரெண்டு பேர். கையில் பாராங். உண்டியலைக் காட்டினார்கள்.

தம்பி பாய்ந்தார். அப்போ அவருக்கு இருபது வயசு இருக்கும். கையில் ஒன்றும் இல்லாமல், கத்தி பிடித்தவன் மேலே. முழங்கைக்குக் கீழே வெட்டு விழுந்தது, பதினொரு தையல். எலும்பில் படவில்லை, அது முருகன் போட்ட பிச்சை. அக்கா என்ன செய்தார் தெரியுமா? கத்தவில்லை, ஓடவில்லை. மடப்பள்ளிக்குப் பின்வாசல் வழியாகச் சுற்றிப் போய் மணிக் கயிற்றைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார். நிறுத்தாமல் அடித்தார். ராத்திரி பதினொரு மணிக்கு கோயில் மணி அடித்தால் லயத்தில் யார் தூங்குவார்? ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிந்தது. கையில் கிடைத்த தட்டுக் காசை அள்ளிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

எங்களில் மூத்தவர் ஒருத்தர் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது பேருக்கு மேலே வேலை வாங்குகிறவர், தீயணைப்புப் பயிற்சி நாளில் விசில் ஊதி "ஓடுங்க, ஓடுங்க" என்று விரட்டுகிறவர். அவர் வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அடிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. வாளியில் தண்ணீர் நிறைந்து காலில் வழிந்தது கூடத் தெரியவில்லை. அது யாருன்னு விசாரிக்க வேண்டாம். இதைத் தட்டச்சு செய்யும் விரல் அவருடையதுதான்.

பிறகு நடந்தது அதைவிட மோசம். "நாலு பேர் இருந்தீங்களே, ரெண்டு பேரை மடக்க முடியலையா?" என்று கேட்டார்கள். "எல்லாம் அந்த வெளிநாட்டுக்காரங்க வேலை" என்றும் சிலர் ஆரம்பித்தார்கள். ஹெல்மெட்டுக்குள்ளே இருந்த முகத்தை நாங்கள் நாலு பேருமே பார்க்கவில்லை, பார்க்காததை எப்படிச் சொல்வது? மணிச் சத்தம் கேட்டு டார்ச் லைட்டோடு முதலில் ஓடிவந்தது பக்கத்து லயத்து வங்காளதேசத் தொழிலாளி ஒருத்தர். தன் கைலியைக் கிழித்து தம்பி கையில் கட்டுப் போட்டதும் அவர்தான். இதை இன்று வரைக்கும் யாரும் மேடையில் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம்.

அந்த ராத்திரியிலிருந்து எங்களுக்குள் ஒரு கேள்வி. ஏன் நின்றோம்? பயந்தாங்கொள்ளியா? கொஞ்ச நாள் தூக்கம் வரவில்லை. ஈப்போவிலிருந்து திருவிழாவுக்குச் சிலம்பம் ஆட வரும் ஆசான் ஒருத்தரிடம் மனசு விட்டுக் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. "மானும் முதலில் நிற்கும், பிறகுதான் ஓடும். உடம்பு அப்படித்தான். நின்னது தப்பில்லை, நின்ன பிறகு என்ன செய்யணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணாததுதான் தப்பு" என்றார்.

அது எங்களுக்கு உடனே புரிந்தது, ஏன்னா தொழிற்சாலையில் தினமும் சொல்வது அதே தான். கொழுந்தை உருட்டுகிற மெஷினில் சிவப்பு நிறுத்து பட்டன் இருக்கிறது. புதுசா வேலைக்கு வருகிறவரை முதல் நாள் அந்தப் பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொல்வோம். கை மாட்டின பிறகு பட்டன் எங்கேன்னு தேட முடியாது. அந்த நேரத்தில் மூளை யோசிக்காது, பழகினதை மட்டும் செய்யும். பழகாதவனுக்குச் செய்ய ஒன்றுமே இருக்காது, வாளியோடு நிற்பான். அக்கா ஏன் மணியை அடித்தார் தெரியுமா? இருபது வருஷமா தினமும் சாயங்காலம் அந்தக் கயிற்றை இழுக்கிறவர் அவர். கை தானாகப் போயிருக்கிறது.

பயம் வந்தால் உடம்பில் என்ன நடக்கும் என்பதையும் ஆசான் சொல்லித் தந்தார். இதயம் படபடன்னு அடிக்கும். கண்ணு குழாய் வழியாகப் பார்ப்பது போல ஒரே இடத்தைப் பார்க்கும், கத்தி மட்டும் தெரியும், பக்கத்தில் நிற்கும் இன்னொருத்தன் தெரியமாட்டான். காது அடைக்கும். விரல் நடுங்கும், சின்ன வேலை எதுவும் ஓடாது. அதனால்தான் அந்த நேரத்தில் போனை எடுத்து, ரகசிய எண் தட்டி, பெயர் தேடிக் கூப்பிடலாம் என்பதெல்லாம் கணக்கில் சேராது. கயிற்றை இழுப்பது, கதவைத் தள்ளுவது, ஓடுவது மாதிரி பெரிய அசைவுதான் வேலைக்கு ஆகும். நாலு எண்ணி மூச்சை உள்ளே இழுத்து, நாலு எண்ணி வெளியே விட்டால் கொஞ்சம் தெளியும். நம்ம தியானத்தில் சொல்லும் மூச்சுப் பயிற்சிதான், புதுசா ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் ஜெப் கூப்பர் என்று ஒருத்தர், போர்வீரராக இருந்து பிறகு துப்பாக்கிப் பயிற்சி தந்தவர், மனநிலையை நாலு நிறமாகப் பிரித்துச் சொல்லித் தந்திருக்கிறார். வெள்ளை என்றால் அசந்து இருப்பது. மஞ்சள் என்றால் நிதானமா, ஆனால் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருப்பது. ஆரஞ்சு என்றால் ஏதோ ஒன்று சரியில்லை என்று குறிப்பாகப் பட்டுவிட்டது. சிவப்பு என்றால் முடிவு எடுத்தாச்சு, செய்யவேண்டியதுதான். நாங்கள் அன்று வெள்ளையில் இருந்தோம். ஹெல்மெட்டைப் பார்த்தபோதே ஆரஞ்சுக்குப் போயிருக்கணும். எப்பவும் சிவப்பில் இருந்தாலும் மனுஷன் பைத்தியம் ஆகிவிடுவான், சீட்டுக்குக் கீழே கத்தி வைத்துக்கொண்டு அலைவான். மஞ்சளில் இருந்தால் போதும். கோயில்காரர்களுக்கு மஞ்சள் என்ன புதுசா?

நம்ம தாத்தா பாட்டிக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, வாழ்க்கையே சொல்லித் தந்தது. 1948லிருந்து 1960 வரைக்கும் அவசரகாலம். காட்டுக்குள்ளே இருந்தவர்கள் ஒரு பக்கம், படை ஒரு பக்கம், நடுவில் தோட்டத்து ஜனம். ஊரடங்கு, முள்வேலி, அரிசிக்கு அளவு, சில இடங்களில் வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடத் தடை. வெளியே போனால் எந்த வழியாகத் திரும்பி வருவது என்று பார்த்துவிட்டுத்தான் போவார்களாம். எங்க பாட்டி கடைசி வரைக்கும் பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். அப்போ கேலி பண்ணினோம்.

அந்தக் காலத்து சம்பவம் ஒன்று. 1951 அக்டோபர் 6ஆம் தேதி, பிரேசர்ஸ் மலைக்குப் போகும் பாதையில், பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியின் காரை மறைந்திருந்து சுட்டார்கள். கார் நின்றுவிட்டது. கர்னி கதவைத் திறந்து வெளியே நடந்தார், சுடப்பட்டு இறந்தார். மனைவியும் செயலாளரும் காருக்குள்ளேயே தரையில் படுத்துவிட்டார்கள், சுடுவது நின்று வெகு நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை, பிழைத்தார்கள். மனைவியைக் காப்பாற்ற குண்டைத் தன் பக்கம் இழுக்கத்தான் அவர் வெளியே போனார் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். அவரை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. அசையாமல் படுத்திருந்தவர்களை யாரும் கோழை என்று சொல்லவில்லை, அதைத்தான் கவனிக்கணும். படுப்பது என்று தீர்மானித்துப் படுப்பதும், வாளியோடு திகைத்து நிற்பதும் வெளியே பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம்.

அவரை மண்டபத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினோம். முதலில் சட்டம். நம்ம நாட்டு குற்றவியல் சட்டத்தில் 96லிருந்து 106 வரை தற்காப்பு உரிமை இருக்கிறது. தன் உடம்பையும் காப்பாற்றலாம், இன்னொருத்தர் உடம்பையும் காப்பாற்றலாம். அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஆபத்து வரப்போகுது என்ற நியாயமான பயம் வந்த உடனே அந்த உரிமை தொடங்கும். ஆனா 99ஆம் பிரிவு கடிவாளம் போடுகிறது. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகம் காயப்படுத்தக்கூடாது. போலீஸிடம் போக நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. திருடன் முதுகைக் காட்டி ஓடிய பிறகு துரத்திப் போய் வெட்டினால் அது தற்காப்பு இல்லை, கேஸ். அதோடு, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதே 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சாலைத் தடுப்பில் சீட்டைத் தூக்கச் சொன்னால் என்ன பதில் சொல்வார்? "எங்க கோயில்ல முன்ன ஒரு தடவை…" என்றா?

அவர் கேட்டார், "அப்ப சும்மா நின்னு குடுத்துடணுமா அங்கிள்?"

ஆமாம், காசு என்றால் கொடுத்துவிடணும். உண்டியல் காசு முருகனுடையது, அவருக்குத் திரும்ப வாங்கத் தெரியும். சங்கிலியும் அப்படித்தான். பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்து பிடுங்கினால் விட்டுவிடுங்க. பிடித்துக்கொண்டால் தரையில் இழுபட்டு தலை அடிபடும், அப்படி உயிர் போனவர்கள் நம்ம நாட்டில் இருக்கிறார்கள். ஆனா "வா, வண்டியில் ஏறு" என்றால் அது வேற கணக்கு. அங்கே காசு கேட்கவில்லை, ஆளைக் கேட்கிறான். அப்போதுதான் கத்தணும், கடிக்கணும், உதைக்கணும், உருளணும், எதை வேண்டுமானாலும் செய்து ஆளுள்ள பக்கம் ஓடணும். எது பொருள், எது உயிர் என்பதை வீட்டில் சும்மா இருக்கும்போதே பிரித்து வைத்துக்கொள்ளணும். கத்தி முன்னால் நின்று பிரிக்க முடியாது.

பிறகு ஆசானிடம் கூட்டிப்போனோம். தம்பிக்குச் சிலம்பம் என்றால் சுழற்றுவதுதான் என்று நினைப்பு, திருவிழாவில் பார்த்தது. ஆசான் கம்பையே தரவில்லை. முதல் மூணு வாரம் காலடி மட்டும்தான். முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகர்வது, நாலு திசையும் திரும்பிப் பார்ப்பது. தம்பி கடுப்பாகிவிட்டார். நாலாவது வாரம் ஆசான் ஒரு மரக்கத்தியைத் தம்பி கையில் கொடுத்து, தான் வெறுங்கையோடு நின்று, "வெட்டு" என்றார். தம்பி வெட்ட வெட்ட அவர் விலகிக்கொண்டே போய் மண்டபத்துக்கு வெளியே நின்று, "நான் வீட்டுக்குப் போயிட்டேன்" என்றார். அப்புறம் இடத்தை மாற்றி தம்பியை வெறுங்கையோடு நிற்கச் சொல்லி, கையில் சுண்ணாம்பு தடவிய குச்சியோடு ஆசான் வந்தார். அரை நிமிஷத்தில் தம்பியின் கருப்புச் சட்டையில் ஏழு வெள்ளைக் கோடு. அதில் ஒன்று கழுத்தில். கத்திக்கு எதிரே வெறுங்கை என்றால் என்ன என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பழைய தழும்பைத் தடவிக்கொண்டே நின்றார்.

கம்புக்கும் மரியாதை உண்டு. 1946, 47இல் கெடா பெடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை என்று ஒன்று நடத்தினார். கள்ளுக்கடைக்கு எதிராகத் தோட்டத்து ஜனம் வரிசையாக நின்றார்கள். அதிகாரம் அதை அடக்கிவிட்டது என்பது வேற கதை. தோட்டத் தொழிலாளி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள ஒன்று சேர்ந்த கதைகளில் அதுவும் ஒன்று. அங்கே தனி வீரன் யாரும் இல்லை, கூட்டமாகத்தான் நின்றார்கள். கோயில் தொண்டர் என்று பட்டை கட்டிக்கொள்கிற நாங்கள் இதை எவ்வளவு பேர் தெரிந்து வைத்திருக்கிறோம்?

ஆனால் கூட்டத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. 2018 நவம்பர் 26இல் சீபீல்டு மகா மாரியம்மன் ஆலயத்தில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். விடியற்காலையில் கோயிலுக்குள் ஆட்கள் நுழைந்தார்கள், பக்தர்கள் காயப்பட்டார்கள். கோயிலைக் காக்க ஜனம் திரண்டது நியாயம். ஆனால் அடுத்த ராத்திரி கலவரத்தில், தீயை அணைக்க வந்த இளம் தீயணைப்பு வீரர் ஒருத்தர் காயப்பட்டு டிசம்பரில் இறந்துபோனார். அவருக்கும் ஒரு வீடு, அவருக்காகக் காத்திருந்த ஒரு பெண். அதனால் நம்ம கோயிலில் ஆபத்து என்று மணி அடித்தால், வருகிறவர்கள் விளக்கோடு வாங்க, போனோடு வாங்க, கத்தியோடு வராதீங்க என்று லயம் லயமாகச் சொல்லியிருக்கிறோம்.

இப்போ கோயிலில் என்னென்ன மாற்றியிருக்கிறோம் என்பதையும் சொல்கிறோம், மற்ற தோட்டத்துக் கோயில்காரர்களுக்கு உதவும். மணிக் கயிற்றை நீட்டி மடப்பள்ளிக்குள் ஒரு முனை வந்திருக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் எட்டும் உயரம். உண்டியலை எந்த நாளில் திறக்கிறோம் என்பதை இனி அறிவிப்பதில்லை. அம்பாளுக்கு அசல் நகை திருவிழா அன்று மட்டும், மற்ற நாள் கவரிங்தான். (அம்பாள் கோபித்துக்கொள்ளமாட்டார், தங்கம் கேட்பது நாமதான்.) ராத்திரி கடைசி ஆளாக யாரும் தனியாக இருக்கக்கூடாது, கதவைப் பூட்டும்போது ரெண்டு பேர். தெரியாதவர் பேச வந்தால் ஒரு கம்பு நீளம் தள்ளி நின்று பேசணும், மரியாதையா, சிரித்துக்கொண்டே. ஒரு ரகசிய வார்த்தையும் வைத்திருக்கிறோம். அதை இங்கே எழுத முடியாது. பூஜை சாமான் ஒன்று தீர்ந்துபோச்சு என்று சொன்னால் தொண்டர்களுக்குப் புரியும், பின்வாசல் வழியாகப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். 999க்கு அழைக்க ஒரு ஆள் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் நீ கூப்பிட்டிருப்பேன்னு நானும், நான் கூப்பிட்டிருப்பேன்னு நீயும் இருந்துவிடுவோம். மழை ராத்திரியில் மலைப்பாதையில் போலீஸ் வருவதற்கும் நேரமாகும், அதுவரை நாமதான்.

அதே மணி மழைக்கும்தான். 2024 ஜனவரி 26 விடியற்காலையில் பக்கத்து புளூ வேலியில் மண் சரிந்து ஐந்து மியான்மார் தொழிலாளர்கள் தூக்கத்திலேயே புதைந்தது மறந்திருக்காது. திருடனுக்காவது முகம் உண்டு. மேட்டிலிருந்து சேறு கலந்த தண்ணீர் இறங்கினால், மரம் சாய்ந்தால், யாரிடமும் கேட்காமல் மணியை அடிங்க. சும்மா அடித்துவிட்டோமே என்று வெட்கப்பட வேண்டாம். தப்பாக அடித்தவரை யாரும் திட்டக்கூடாது என்று கமிட்டியில் எழுதியே வைத்தாச்சு.

செவ்வாய்க்கிழமை கந்த சஷ்டி கவசம் பாராயணம் பண்ணும்போது அக்கா ஒரு விஷயம் சொன்னார். தேவராய சுவாமிகள் உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பாக எடுத்து, இதைக் காக்க, அதைக் காக்க என்று வேலிடம் கேட்கிறாரே, அதைக் கண்ணை மூடிக்கொண்டே இத்தனை வருஷம் படித்திருக்கோம், எந்த உறுப்பு எங்கே திறந்து கிடக்குன்னு ஒரு நாளாவது கவனிச்சோமா என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. வாளிக்காரருக்கு மணியடித்தவரிடம் பதில் சொல்ல எப்பவுமே கொஞ்சம் கூச்சம்தான்.

தம்பி முந்தாநாள் அந்தப் பாராங்கைக் கொண்டுவந்து மடப்பள்ளியில் வைத்துவிட்டார். அவருடைய அம்மா பின்னாலேயே வந்து, ஒன்றும் பேசாமல் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார். கத்தி நல்ல கத்தி. நேற்று இளநீர் அபிஷேகத்துக்கு நாற்பது காய் சீவினோம், ஒரே வெட்டு.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆசான் வருகிறார். பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், தாத்தா பாட்டி எல்லாரும் வரலாம், கட்டணம் இல்லை. வழுக்காத செருப்பு போட்டு வாங்க, புடவையோடே பழகலாம், ஆபத்து டிராக்சூட் போட்ட நாளாகப் பார்த்து வராது. பக்கத்து லயத்து வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் அழைத்திருக்கிறோம். பசியாறல் கோயிலில். முதலில் மணி அடிக்கும் பயிற்சி, அதனால் ஒன்பது மணிக்கு மணிச் சத்தம் கேட்டால் யாரும் பயப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
கோயில் தொண்டர்கள்,
கோலா தெர்லா